உப்பு என்றால் எந்த உப்பு?

பள்ளித் தமிழ்ப் பாடநூலில் செய்யுளின் கீழே ‘அருஞ்சொற்பொருள்’ என்றொரு சிறு பகுதி இருந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஒரு சொல்லுக்குரிய பொருள்கள் அனைத்தையும் அகராதி வரிசையாகத் தரும். அருஞ்சொற்பொருளோ அந்தப் பாடலில் அச்சொல் எந்தப் பொருளில் வந்துள்ளதோ அதை மட்டுமே சொல்லும். எங்கள் சிறுநீரக மருத்துவப் பிரிவில் உங்களுக்கு வழங்கப்படும் சொற்பொருள் தாளும் அத்தகையதே. உங்கள் பரிசோதனை அறிக்கையிலும் மருந்துச் சீட்டிலும் ஒப்புதல் படிவத்திலும் வரும் சொற்கள், அங்கே என்ன பொருளில் வருகின்றன என்பதை அது விளக்குகிறது.

வாயில் நுழையாத ஆங்கிலச் சொற்களுக்காகவே இத்தாள் என்று பலர் எண்ணுகின்றனர். எங்கள் அனுபவம் வேறு. தெரியாத சொல்லுக்கு மக்கள் சற்றுத் தயங்கியேனும் பொருள் கேட்டுவிடுகின்றனர். தெரிந்ததாகத் தோன்றும் சொல்லுக்கு யாரும் பொருள் கேட்பதில்லை. இடர் அங்கேதான் தொடங்குகிறது. அவ்வகைச் சொற்களுள் முதலிடம் ‘உப்பு’க்கே உரியது.

“இரத்தத்தில் உப்பு கூடியிருக்கிறது” என்று மருத்துவமனைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அங்கே குறிக்கப்படுபவை யூரியாவும் கிரியாட்டினினும். புரதம் சிதைவதால் உண்டாகும் கழிவு யூரியா. தசைகளின் இயக்கத்தில் உண்டாகும் கழிவு கிரியாட்டினின். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறையும்போது இவை இரத்தத்தில் தேங்குகின்றன. சமையலறை உப்புக்கும் இவற்றுக்கும் உறவில்லை. கர்ப்பிணியிடம் “சிறுநீரில் உப்பு இருக்கிறது” என்றால், அந்த உப்பு ஆல்புமின் என்னும் புரதம். காலில் ‘உப்பு நீர்’ இறங்கியிருக்கிறது என்றால், திசுக்களில் நீர் தேங்கிய வீக்கம். மருந்துக் கடைக்காரர் “கம்பெனிதான் வேறு, சால்ட் ஒன்றுதான்” என்றால், மருந்தின் மூலப்பொருள். இத்தனைக்கும் ஒரே சொல்!

இதன் விளைவை எங்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். உப்பு கூடிவிட்டது என்று கேட்ட குடும்பம் சமையலில் உப்பை அறவே நீக்கிவிடுகிறது. அடுத்த பரிசோதனையில் கிரியாட்டினின் குறையாததைக் கண்டு மனம் உடைந்து, “பத்தியம் இருந்தும் பயனில்லை” என்று பத்தியத்தையே கைவிடுகிறது. உணவில் உப்பைக் குறைப்பது இரத்த அழுத்தத்தையும் வீக்கத்தையும் கட்டுப்படுத்துவதற்காக. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு சேர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்கள் அனைவருக்கும் தரும் பரிந்துரை. அந்தப் பத்தியத்தின் பயனை இரத்த அழுத்த அளவிலும் காலின் வீக்கத்திலும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் எண்ணில் தேடக் கூடாது.

வேறு சிலர் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கப்படுவதை வாங்கிப் பயன்படுத்துகின்றனர். இது மேலும் கவலைக்குரியது. அத்தகைய உப்புகள் பலவற்றில் சோடியத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டிருக்கும். சிறுநீரகம் பழுதுற்றவர்களின் உடலில் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கி, இதயத் துடிப்பைச் சீர்குலைத்து, உயிருக்கே ஆபத்தை விளைவிக்கக்கூடும். மருத்துவரைக் கேளாமல் அதை வாங்க வேண்டாம். இந்துப்பைப் பற்றியும் கேட்கின்றனர். அதன் பெரும்பகுதி சாதாரண உப்பைப் போன்றே சோடியம் குளோரைடுதான்.

‘நாட்பட்ட சிறுநீரக நோய்’ என்பதும் இவ்வாறே பிறழ உணரப்படுகிறது. பேச்சு வழக்கில் ‘நாள்பட்டுப் போயிற்று’ என்றால் காலம் கடந்துவிட்டது, கைமீறிவிட்டது என்று பொருள். மருத்துவத்தில் பாதிப்பு 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கிறது என்பதே அதன் பொருள். அந்நோயின் தொடக்க நிலையில் உள்ளவரும் நாட்பட்ட நோயாளியே. மருந்தாலும் உணவு முறையாலும் நோயின் வேகத்தைத் தணிக்க வாய்ப்புள்ள அக்காலத்தில், ஒரு சொல்லைக் கேட்டு நம்பிக்கை இழந்து சிகிச்சையை விட்டுச் செல்வோர் உள்ளனர்.

டயாலிசிஸுக்கு முன் கையில் ‘ஃபிஸ்டுலா’ அமைக்க வேண்டும் என்போம். வீட்டில் படித்த பிள்ளை அகராதியைப் புரட்டினால் ‘பவுத்திரம்’ என்று இருக்கும். ஆசனவாய் நோய்க்கும் கைக்கும் என்ன தொடர்பு என்று குடும்பமே குழம்பும். இயல்புக்கு மாறான இணைப்புப் பாதை என்பதே அச்சொல்லின் பொதுப் பொருள். இங்கே அது, கையின் தமனியையும் சிரையையும் அறுவைச் சிகிச்சையால் இணைப்பதைக் குறிக்கும். அது பயன்பாட்டுக்கு முதிர்ச்சி பெறப் பல வாரங்கள் ஆகும் என்பதால்தான் முன்கூட்டியே வலியுறுத்துகிறோம். அந்தக் கையில் இரத்தம் எடுக்கவோ, இரத்த அழுத்தம் பார்க்கவோ இடம் தராதீர்கள்.

மருந்துச் சீட்டில் ‘எஸ்.ஓ.எஸ்.’ என்றிருப்பது அபாய அறிவிப்பு அன்று. ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்னும் இலத்தீன் தொடரின் சுருக்கம். அறிக்கையில் ‘நெகட்டிவ்’ என்றால், தேடிய கிருமி தென்படவில்லை என்று பொருள்.

தமிழில் இம்முயற்சி புதிதன்று. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கியதோடு அவற்றுக்கான கலைச்சொற்களையும் தொகுத்தார். அவர் தொகுத்தவை மாணவர்களுக்கானவை. நோயாளிகளுக்கென்று எளிய சொற்பொருள் தொகுப்புகள் இன்னும் பெருக வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

இத்தாளால் இயலாத ஒன்றும் உண்டு. சொல்லின் பொருளை அது தரும். உங்கள் உடல்நிலையில் அதன் பொருளைத் தராது. கிரியாட்டினின் 1.4 என்ற ஒரே எண், 25 வயது ஆணுக்கு வடிகட்டும் திறன் ஏறத்தாழ 70 என்பதையும், 70 வயதுப் பெண்ணுக்கு ஏறத்தாழ 40 என்பதையும் காட்டக்கூடும். ஆகவே அடுத்த படுக்கையில் உள்ளவரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம்.

சொற்பொருள் தாள் புறநோயாளர் பதிவு மேசையில் கிடைக்கும். அதன் பின்பக்கத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறோம். மருத்துவர் பேசும்போது புரியாத சொல்லையும், புரிந்ததுபோல் தோன்றும் சொல்லையும் அதில் குறித்துவைத்து, “இங்கே இதற்கு என்ன பொருள்?” என்று கேளுங்கள். கேட்ட விளக்கத்தை உங்கள் சொந்தச் சொற்களில் மருத்துவரிடமோ செவிலியரிடமோ ஒருமுறை திருப்பிச் சொல்லிக்காட்டுங்கள். வீட்டில் சமைப்பவர் வேறொருவராக இருந்தால், அடுத்த முறை அவரையும் உடன் அழைத்து வாருங்கள்.