பயிற்றுமொழியும் மிலான் வழக்கும்

ஆங்கிலம் மக்கள் வழங்கும் மொழியாக இல்லாத நாடுகளிற் பல்கலைக்கழகப் பாடங்களை அம்மொழி வாயிலாகவே கற்பித்தல் தகுமா என்னும் வினா, ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடுகளுக்கே உரியதெனப் பலர் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாமையை இத்தாலி நாட்டு வழக்கொன்று காட்டுகின்றது. அதனை ஈண்டு நோக்குவோம்.

மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1863-இல் நிறுவப்பெற்றது. அதன் கல்விப் பேரவை, 2014 முதல் முதுநிலை வகுப்புகளும் முனைவர் பட்ட வகுப்புகளும் ஆங்கிலத்திலேயே நடைபெறும் என 2012-இல் முடிவு செய்தது. பிறநாட்டு மாணவரை ஈர்த்தலும், தம் மாணவரை உலகத் தொழிற்களத்திற்கு ஆயத்தம் செய்தலும் அதன் நோக்கங்கள். அவை இகழத்தக்கன அல்ல. எனினும் ஆசிரியர் பலர் உடன்படாது வழக்குத் தொடுத்தனர். 2013-இல் லொம்பார்தி வட்டார நீதிமன்றம் அவர்கள் சார்பிற் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டின்போது வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றத்தை அடைந்தது.

அந்நீதிமன்றம் 2017-இல் கூறிய காரணங்கள் மூன்று. அனைத்தும் ஆங்கிலமாயின், துறைகள் பலவற்றினின்றும் இத்தாலிய மொழி நீங்கும். அம்மொழி மட்டும் அறிந்த மாணவர், தக்க துணையின்றேல், உயர்கல்வி பெறாது ஒழிவர். ஆசிரியர் தாம் கற்பிக்கும் முறையைத் தேரும் உரிமை குன்றும். ஆயினும் சில பாடங்களை மட்டும் ஆங்கிலத்திற் கற்பித்தலை அது தடுக்கவில்லை.

இவற்றுள் இரண்டாவது காரணம் ஆழ்ந்து எண்ணத்தக்கது. அயன்மொழியில் எழுதிய நூலை அகராதியின் துணைகொண்டு மெல்லப் படித்தல் கூடும். வகுப்பில் எழும் ஐயத்தை அந்நொடியே வினவுதற்கோ மொழியில் மிகுந்த பயிற்சி வேண்டும். அஃதில்லாத மாணவன் வாய்திறவான். அவன் அறியாதது பாடத்தையா மொழியையா என்பதை ஆசிரியரும் அறியார்.

முதற்காரணத்திற்குக் கலீலியோவின் வாழ்வே சான்றாகும். தொலைநோக்கியாற் கண்டவற்றை 1610-இல் இலத்தீனில் எழுதி ஐரோப்பிய அறிஞர்க்கு அறிவித்த அவர், உலக அமைப்புப் பற்றிய உரையாடலை 1632-இல் இத்தாலிய மொழியில் வெளியிட்டார். அறிவியலை எழுத எழுதவே ஒரு மொழி அறிவியலுக்கு உரியதாகின்றது; எழுதுவதை நிறுத்தின் அவ்வாற்றல் தேய்கின்றது.

ஆகவே, ஆங்கிலத்தைக் கற்பித்தல் வேறு. ஆங்கிலம் இன்றேல் கல்வியே இல்லை என்றாக்குதல் வேறு. முன்னது மாணவனுக்கு மற்றுமொரு வாயிலைத் திறப்பது. பின்னது உள்ள வாயிலையும் அடைப்பது. பயிற்றுமொழி குறித்து முடிவு செய்வோர் இவ்வேறுபாட்டை மறவாமை வேண்டும் என்பதே நம் கருத்து.