எத்தனை வீடு கட்டலாம்? கழிவுநீர்க் குழாய் சொல்லும் கணக்கு

வளரும் ஊரில் புதிய வீடுகளுக்கு நிலமும் பணமும் சாலையும் வேண்டும். அந்த வீடுகளிலிருந்து நாள்தோறும் வெளியேறும் கழிவுநீரை வாங்கிக்கொள்ள ஊரின் பாதாளச் சாக்கடையிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் இடம் வேண்டும். இந்த இடத்தைத்தான் பொறியாளர்கள் கழிவுநீர்க் கொள்ளளவு என்கிறார்கள். நிலம் தீர்ந்தால் எல்லோருக்கும் தெரியும். கொள்ளளவு தீர்ந்தது பெரும்பாலும் மக்கள் குடியேறிய பிறகே தெரியவரும். ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் மாறிய சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலைப் பகுதி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

ஒரு குடியிருப்பு, 18 லாரி

பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் தேவை என்று மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் கையேடு வகுத்துள்ளது. அதில் சுமார் 80 விழுக்காடு, அதாவது 108 லிட்டர், கழிவுநீராகத் திரும்பும். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால், 500 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2,000 பேர் வசிப்பார்கள். அவர்களிடமிருந்து தினமும் 2.16 லட்சம் லிட்டர் கழிவுநீர் வரும். குழாய் இணைப்பு இல்லாவிட்டால், 12,000 லிட்டர் பிடிக்கும் கழிவுநீர் லாரி ஒரு நாளில் 18 நடை அடிக்க வேண்டும்.

இது சராசரிக் கணக்கு. காலையில் குளியல், சமையல், துவைத்தல் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும்போது ஓட்டம் பெருகுகிறது. 20,000 பேருக்குக் குறைவான பகுதியில் உச்ச ஓட்டத்தைச் சராசரியைப் போல மூன்று மடங்காகவும், 7.5 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் பகுதியில் இரண்டு மடங்காகவும் கொள்ளச் சொல்கிறது கையேடு. அந்த உச்சத்திலும் குழாய் முழுவதும் நிரம்பாமல், பத்தில் எட்டுப் பங்கு ஆழத்தில் ஓடும்படி விட்டத்தைத் தீர்மானிக்கிறார்கள்.

நான்கு முட்டுக்கட்டைகள்

முதல் முட்டுக்கட்டை குழாய். சாக்கடை நீர் சரிவில் தானாக ஓட வேண்டும். சென்னையைப் போன்ற தட்டையான கடலோர நகரத்தில் குழாயைச் சரித்துக்கொண்டே போனால் ஆழம் கூடிக்கொண்டே போகும். அதனால் ஓரிடத்தில் கழிவுநீரை மேலேற்றி அடுத்த குழாய்க்கு அனுப்ப இறைக்கும் நிலையம் அமைக்கிறார்கள். அதுவே இரண்டாவது முட்டுக்கட்டை. அங்குள்ள பம்பு இழுப்பதைவிட அதிகமாக வந்தால் கழிவுநீர் பின்வாங்கி, தாழ்வான தெருவின் மேன்ஹோல் வழியே வெளியே வரும். மொட்டைமாடி மழைநீரையும் சாக்கடையில் திருப்பிவிடும் வீடுகள் இருந்தால், மழைநாளில் இது உறுதி.

மூன்றாவது, சுத்திகரிப்பு நிலையம். கழிவைத் தின்று நீரைத் தெளிய வைப்பவை நுண்ணுயிர்கள். காற்றூட்டும் தொட்டியில் அவற்றுக்குச் சில மணி நேர அவகாசம் வேண்டும். வரத்து மிகுந்தால் அவகாசம் குறைகிறது. நுண்ணுயிர்க் கசடும் நீரோடு அடித்துச் செல்லப்படுகிறது. சுத்திகரிப்பு நிலையங்களை 15 ஆண்டுத் தேவைக்கும், குழாய்களை 30 ஆண்டுத் தேவைக்கும் திட்டமிடுவது வழக்கம். ஊர் அதைவிட வேகமாக வளர்ந்தால் நிலையம் காலத்துக்கு முன்பே நிரம்பிவிடும்.

நான்காவது, கடைசியில் நீர் சென்று சேரும் ஆறு, ஏரி, சதுப்புநிலம். வீட்டுக் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், லிட்டருக்கு ஏறக்குறைய 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவித்த விதிப்படி, சுத்திகரித்து வெளியேற்றும்போது பெருநகரங்களில் அது 20-ஐயும் பிற இடங்களில் 30-ஐயும் தாண்டக் கூடாது. தாண்டினால் நீர்நிலையின் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மடியும்.

கொள்ளளவு மீறலுக்கு மனித விலையும் உண்டு. நிரம்பி ஓடும் குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. அடைப்பெடுக்க மனிதரை உள்ளே இறக்கும் வழக்கம் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகும் முற்றாக ஒழியவில்லை. சாக்கடையில் இறப்போரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர 2014-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

சென்னை தவறவிட்ட கணக்கு

சென்னையின் கழிவுநீர் அமைப்பு 1910-இல் வடிவமைக்கப்பட்டபோது, 1961-இல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டிய எண்ணிக்கை சுமார் 17.3 லட்சம். ஐம்பது ஆண்டு முன்னோக்கிய அந்த மதிப்பீடு பாதியைக்கூட எட்டவில்லை. 1978-இல் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனி வாரியம் உருவானது. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் வளர்ந்தன.

அதற்குள் நகரம் தெற்கே நகர்ந்துவிட்டது. 2000-இல் டைடல் மென்பொருள் பூங்கா திறந்தது. 2008-இல் பழைய மாமல்லபுரம் சாலை ஆறுவழிச் சாலையானது. மென்பொருள் நிறுவனங்களைப் பின்தொடர்ந்து அடுக்குமாடிகள் எழுந்தன. அப்போது அந்த இடங்களில் பல, பாதாளச் சாக்கடையே இல்லாத ஊராட்சிகளாகவும் பேரூராட்சிகளாகவும் இருந்தன. 2011-இல் சென்னை மாநகராட்சி சுமார் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்து, 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டது. வரைபடத்தில் எல்லை ஒரே நாளில் மாறியது. குழாய் பதிக்கும் பணி பல ஆண்டுகளாகப் பகுதி பகுதியாக நடந்தது. இடைப்பட்ட காலத்தில் செப்டிக் டேங்கும் கழிவுநீர் லாரியுமே அங்கே சாக்கடையாக இருந்தன. அரசு நிலையத்தில் கொட்டாத லாரி கால்வாயிலோ ஏரியிலோ கொட்டியது. அதே பகுதியில்தான் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த, 1,247 ஹெக்டேர் பரப்புள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் இருக்கிறது.

விதி எதைப் பார்க்கிறது?

தமிழ்நாட்டில் கட்டட அனுமதியை 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நிர்ணயிக்கின்றன. உயரமில்லாக் கட்டடத்துக்கு மனைப்பரப்பைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்பு அனுமதி. கூடுதல் கட்டணம் செலுத்தினால் 30 முதல் 50 விழுக்காடு வரை மேலும் கட்டிக்கொள்ளலாம். இந்தச் சலுகையின் அளவு சாலையின் அகலத்தைப் பொறுத்தது: 18 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 50 விழுக்காடு. அந்தச் சாலைக்கடியில் ஓடும் குழாயின் விட்டத்துக்கு அட்டவணையில் இடமில்லை. இரண்டு மடங்கு மூன்று மடங்காகும்போது, அதே மனையிலிருந்து வரும் கழிவுநீர் ஒன்றரை மடங்காகிறது.

கட்டட முடிவுச் சான்று பெற்ற பிறகே மின்சார, குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் என்ற விதியும் இருக்கிறது. சிறு வீடுகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்தச் சான்று, கட்டடம் அனுமதித்த வரைபடப்படி எழுந்ததா என்பதையே சரிபார்க்கிறது. ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியாக விதிக்கு உட்பட்டிருந்தும், எல்லாம் சேர்ந்து ஒரே குழாயை நிரப்பிவிட முடியும். அனுமதி மனைவாரியாகத் தரப்படுகிறது. கொள்ளளவோ எல்லோருக்கும் பொதுவானது. சிக்கலின் வேர் இந்த இடைவெளியில் இருக்கிறது.

தனி எஸ்.டி.பி. போதுமா?

20,000 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டுமானங்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி தேவை. வளாகத்துக்குள்ளேயே சுத்திகரிப்பு நிலையம் (எஸ்.டி.பி.) அமைப்பது அதன் வழக்கமான நிபந்தனை. இது நல்ல ஏற்பாடு என்றாலும் முழுத் தீர்வாகாது. ஒருவருடைய 135 லிட்டரில் கழிவறைக்குப் போவது சுமார் 45 லிட்டர். 2,000 பேர் வாழும் குடியிருப்பில் சுத்திகரித்த நீரைக் கழிவறைக்குத் திருப்பிவிட்டால் 90,000 லிட்டர் செலவாகும். மீதி சுமார் 1.26 லட்சம் லிட்டர். தோட்டம் கொஞ்சம் குடிக்கும். மழைக்காலத்தில் அதுவும் குடிக்காது. எஞ்சியதை வெளியேற்றப் பொதுக் குழாய் இல்லையென்றால், எஸ்.டி.பி. உள்ள குடியிருப்பும் லாரியை நம்பியே இருக்க வேண்டும். கட்டுநர் ஒப்படைத்துவிட்டுச் சென்ற பின், மின்கட்டணமும் இயக்குநர் சம்பளமும் குடியிருப்போர் சங்கத்தின் தலையில் விழுகின்றன. செலவு கருதி இயந்திரத்தை நிறுத்திவைத்தால், கழிவுநீர் வந்தபடியே வெளியே போகும்.

பிற நாடுகளின் வழி

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், வாஷிங்டனை அடுத்த புறநகர் மாவட்டங்களில், 1970-இல் புதிய சாக்கடை இணைப்புகளுக்கே தடை வந்தது. இங்கிலாந்தில் 2022 மார்ச் நிலவரப்படி 74 உள்ளாட்சிகளில், ஆறுகளில் சேரும் நைட்ரஜன், பாஸ்பரஸ் அளவு அதிகரிக்காது என்று காட்டினால்தான் புதிய வீடுகளுக்கு அனுமதி என்ற நிலை. அயர்லாந்தின் தேசிய நீர் நிறுவனம் ஒவ்வோர் ஊரின் சுத்திகரிப்புக் கொள்ளளவையும் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களால் குறித்துப் பட்டியலாக வெளியிடுகிறது. கட்டுநருக்கும் வாங்குபவருக்கும் நிலைமை முன்கூட்டியே தெரிகிறது.

முழுத் தடைக்குத் தீமைகளும் உண்டு. வீட்டு விலை ஏறும். கட்டுமானம் குழாயே இல்லாத அடுத்த ஊருக்குத் தாவும். ஆகவே தடையைவிட வரிசைப்படுத்தலே ஏற்றது: குழாய் முதலில், மாடி பிறகு.

செய்யக்கூடியவை

சென்னையில் பெரிய கட்டடங்களிடமிருந்து உள்கட்டமைப்பு வளர்ச்சிக் கட்டணம் அனுமதியின்போதே வசூலாகிறது. அந்தப் பணம் அதே பகுதியின் குழாய்க்கும் பம்புக்கும் செலவாக வேண்டும். சுத்திகரித்த நீருக்கு வாங்குபவரைத் தேடுவது இன்னொரு வழி: கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-இல் தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுடன் தொடங்கிய மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் தொழிற்சாலைகளுக்கு நீர் தருகின்றன. சிறு ஊர்களுக்குக் குழாய் வரும்வரை, செப்டிக் டேங்க் கசடைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் உதவும். 2017-இல் மதுராந்தகம் அருகே கருங்குழியில் தொடங்கியது முன்மாதிரி.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக வேண்டியது ஒரு பதிவேடு. ஒவ்வோர் இறைக்கும் நிலையமும் எவ்வளவு தாங்கும், இப்போது எவ்வளவு வருகிறது, அனுமதி பெற்றுக் கட்டி முடியாத வீடுகளால் இன்னும் எவ்வளவு வரும் என்ற மூன்று எண்களைப் பகுதிவாரியாகப் பொதுவில் வைத்து, கூடுதல் தளப்பரப்பை அவற்றோடு இணைக்க வேண்டும். அதுவரை வீடு வாங்குபவர் முடிவுச் சான்றோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது: கழிவுநீர் குழாயில் போகிறதா, லாரியில் போகிறதா?