சென்னையில் வேலை தேட சென்னைக்கே குடிபோகணுமா? ஒரு திருத்தணிக் கணக்கு



போன டிசம்பர் 31 ராத்திரி, படித் திருவிழாவுக்கு திருத்தணி மலை ஏறிக்கிட்டு இருந்தேன். 365 படி. பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்தப்போ, எங்க தெருப் பையன் ஒருத்தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பி.காம். முடிச்சு ரெண்டு வருஷமா உள்ளூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுறான். கைக்கு 16,000 ரூபாய் வருது.

"அண்ணா, வேலையை விட்டுட்டு சென்னைக்குப் போய் பி.ஜி.யில் தங்கி வேலை தேடலாம்னு இருக்கேன். அம்மா அவங்க செயினை அடகு வெச்சு 60,000 ரூபாய் தரேன்னு சொல்லிட்டாங்க. போகலாமா?"

ஆமா, இல்லைன்னு உடனே நான் பதில் சொல்லல. "நாளைக்கு காலையில ஒரு பேப்பர், பேனா எடுத்துட்டு வீட்டுக்கு வாடா"ன்னு சொன்னேன். அன்னைக்கு நாங்க போட்ட கணக்குதான் இந்தப் பதிவு. நீங்க அரக்கோணமா இருக்கலாம், செய்யாறா இருக்கலாம், விருத்தாசலமா இருக்கலாம். எண்களை மட்டும் உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க. கீழே வரும் வாடகை, சாப்பாட்டுச் செலவு எல்லாம் நாங்க கணக்குக்காக வெச்சுக்கிட்ட தொகைகள்.

1. வேலையை விட்டுட்டுத் தேடினா என்ன ஆகும்?

சாப்பாட்டோட பி.ஜி. மாசம் 8,500. பஸ், ஷேர் ஆட்டோ, ஊருக்கு வந்து போறது 1,500. வெளிச் சாப்பாடு, டீ 3,000. போன், துணிமணி மாதிரி சொந்தச் செலவு 3,000. மொத்தம் மாசம் 16,000. இதுக்கு முன்னாடி பி.ஜி. அட்வான்ஸ் 8,500.

60,000-ல் அட்வான்ஸ் போக மீதி 51,500. அது மூணு மாசத்துக்குத்தான் தாங்கும். அந்த மூணு மாசமும் இங்கே வர வேண்டிய சம்பளம் 48,000 ரூபாயும் போச்சு. அதை யாரும் செலவுக் கணக்கில் எழுதறதில்லை. ஆனா அதுவும் செலவுதான்.

பணத்தை விடப் பெரிய பிரச்சினை ஒண்ணு இருக்கு. ரெண்டரை மாசம் ஆனதும் கையில் காசு தீர ஆரம்பிக்கும். அப்போ வர்ற முதல் ஆஃபர் எவ்வளவு மோசமா இருந்தாலும் தலையாட்டிடுவோம். கையில் ஒரு வேலை இருக்கும்போது "யோசிச்சு சொல்றேன் சார்"னு சொல்ல முடியும். அந்த ஒரு வாக்கியத்துக்கு சம்பளப் பேச்சில் நிறைய மதிப்பு உண்டு.

2. "மாசம் 30,000" கைக்கு எவ்வளவு வரும்?

சரி, வேலை கிடைச்சிடுச்சுன்னே வெச்சுக்குவோம். ஆண்டு சி.டி.சி. 3,60,000. பன்னிரண்டால் வகுத்தா 30,000. வீட்டில் எல்லாரும் அந்த 30,000-ஐத்தான் பேசுவாங்க. உள்ளே பாருங்க. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று எடுத்துக்கிட்டா:

- கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம்: 1,800
- கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது 4.81 சதவீதம்: சுமார் 722
- வருஷக் கடைசியில் "பெர்ஃபார்மன்ஸ் பார்த்து" தரும் வேரியபிள் பே: 3,000
- குரூப் இன்ஷூரன்ஸ்: 478

இதெல்லாம் கழிச்சா மாதச் சம்பளம் 24,000. அதிலிருந்து உங்க பங்கு பி.எஃப். 1,800 போகும். தொழில் வரி அரையாண்டுக்கு 1,250, அதாவது மாசத்துக்கு சுமார் 208. கைக்கு வருவது ஏறக்குறைய 22,000.

இ.எஸ்.ஐ. 21,000 வரை சம்பளம் வாங்குறவங்களுக்குத்தான். உங்களுக்கு அது பொருந்துமான்னு ஹெச்.ஆர்.கிட்ட கேட்டுக்குங்க. வருமான வரி பற்றி பயப்பட வேண்டாம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில், 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனோடு சேர்த்து 12,75,000 வரை சம்பளத்துக்கு வரி இல்லை. ஹெச்.ஆர்.ஏ. காட்ட பி.ஜி. ரசீதுக்கு அலையவும் வேண்டாம். புதிய முறையில் அந்த விலக்கு கிடையாது, இந்தச் சம்பளத்துக்கு தேவையும் இல்லை.

அதனால ஹெச்.ஆர். போனில் தொகை சொன்னதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "மேடம், இதில் மாசாமாசம் அக்கவுன்ட்டில் ஏறுவது எவ்வளவு? வேரியபிள் எவ்வளவு?"

3. மூணு வழி, மூணு மிச்சம்

இப்போ நிஜமான ஒப்பீடு. வேலை கிண்டியில் என்று வெச்சுக்குவோம்.

- திருத்தணியிலேயே இருந்தால்: 16,000 சம்பளம். வீட்டுக்கு 6,000, சொந்தச் செலவு 3,000. மிச்சம் 7,000.
- சென்னையில் பி.ஜி.: 22,000 சம்பளம். மேலே சொன்ன 16,000 செலவு, வீட்டுக்கு 4,000. மிச்சம் 2,000.
- தினமும் ரயிலில் போய் வந்தால்: 22,000 சம்பளம். பயணம் 1,500, வெளிச் சாப்பாடு 2,000, சொந்தச் செலவு 3,000, வீட்டுக்கு 6,000. மிச்சம் 9,500.

பாருங்க, சம்பளம் 6,000 ஏறுது, ஆனா பி.ஜி.யில் இருந்தா மிச்சம் 5,000 குறையுது! பையன் இதைப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இன்னொரு பக்கமும் சொல்லணும். புது வேலையில் பி.எஃப். சேருது. உங்க 1,800 முழுசா பி.எஃப். கணக்குக்குப் போகும். கம்பெனி தரும் 1,800-ல் 1,250 பென்ஷன் திட்டத்துக்கும், 550 பி.எஃப்.புக்கும் போகும். ஆக மாசம் 2,350 கண்ணுக்குத் தெரியாம சேருது. அனுபவம் ஏறுது, அடுத்த சம்பளம் ஏறுது. அதனால சென்னைக்குப் போறது தப்பில்லை. கடனோட போறதுதான் ஆபத்து.

எப்படின்னு பாருங்க. 60,000 நகைக்கடன், வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டின்னு எடுத்துக்குவோம். மாசம் 2,000 மிச்சத்தை முழுசா கட்டினாலும் செயின் திரும்பி வர 36 மாசம். மூணு வருஷம்! அதுவரை ஒரு கல்யாணச் செலவு, ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வரக் கூடாது. நகைக்கடனைப் பொதுவா ஒரு வருஷத்தில் மீட்கணும், இல்லைன்னா வட்டி கட்டி மாத்தி வைக்கணும். அந்த அலைச்சல் வேற.

4. ரயிலுக்கும் ஒரு விலை இருக்கு

"அப்போ தினமும் ரயில்தான் அண்ணா"ன்னு சொன்னான். இரு, அதையும் கணக்குப் போடு.

திருத்தணியில் ஏறி அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி வழியா சென்ட்ரல். எதிரே பார்க் ஸ்டேஷனில் மாறி கிண்டி. வாசலிலிருந்து வாசல் வரை ரெண்டே முக்கால் மணி நேரம்னா போக வர அஞ்சரை மணி. மாசம் 24 நாளுக்கு 132 மணி நேரம். பி.ஜி.யில் இருந்தாலும் தினமும் ஒன்றரை மணி நேரம் போகும், அது 36. வித்தியாசம் 96 மணி நேரம்.

மிச்சத்தில் வித்தியாசம் 7,500. 96-ஆல் வகுத்தா மணிக்கு 78 ரூபாய். அதாவது உங்க தூக்கத்தையும், படிக்கிற நேரத்தையும் மணிக்கு 78 ரூபாய்க்கு விக்கிறீங்க. ஆபீஸில் உங்க ஒரு மணி நேரத்துக்கு கிடைப்பது சுமார் 102. முதல் சில மாசத்துக்கு இது நல்ல பேரம். மூணு வருஷத்துக்கு நல்ல பேரம் இல்லை. உடம்பு கேக்காது.

என் யோசனை: முதல் மூணு மாசம் ரயில். வேலை பிடிக்குதா, கம்பெனி சரியா சம்பளம் போடுதா, மேலதிகாரி எப்படின்னு தெரியட்டும். அப்புறம் பி.ஜி. மூணு மாசத்துக்கு காலாண்டு சீசன் எடுத்தா, மாதச் சீசனைப் போல 2.7 மடங்குதான்; மூணு தடவை தனித்தனியா எடுக்கறதை விட குறைவு.

தேடும்போதே ரயில் பாதையைப் பார்த்துத் தேடுங்க. நம்ம ஊர் ரயில் ஆவடி, அம்பத்தூர், பெரம்பூர் வழியாத்தான் போகுது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வேலையும், சிறுசேரியில் ஒரு வேலையும் ஒரே சம்பளம்னா, உங்களுக்கு அது ஒரே சம்பளம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம்னா கம்பெனி பஸ் எதுவரை வருதுன்னு கேளுங்க.

5. ஊரிலிருந்தே எப்படித் தேடுறது?

ஒரு இன்டர்வியூவுக்குப் போய் வந்தா பயணம், சாப்பாடு 400. லீவு போட்டா ஒரு நாள் சம்பளம் 615. ஆக சுமார் 1,000 ரூபாய். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடக் கூடாது. கிளம்பும் முன் இப்படிக் கேளுங்க:

"சார், நான் திருத்தணியிலிருந்து வர்றேன். முதல் ரவுண்ட் போனிலோ வீடியோவிலோ முடிச்சுக்கலாமா? வேலை பார்க்க வேண்டிய இடம் எது? சம்பளம் எந்த அளவில் இருக்கும்?"

கூச்சப்படாதீங்க. நல்ல கம்பெனி இதுக்குக் கோவிச்சுக்காது. நேரில் போக வேண்டிய ரெண்டு இன்டர்வியூவை ஒரே நாளில் வைக்க முடியுமான்னும் கேளுங்க.

இன்னொரு விஷயம், இதைச் சொல்ல எனக்கே வெட்கமா இருக்கு. என் ஆபீஸுக்கு ஆள் எடுத்தப்போ, தூரத்து ஊர் முகவரி பார்த்து ஒரு ரெஸ்யூமை நானே ஓரமா வெச்சிருக்கேன். நானே தூரத்திலிருந்து வந்தவன்! வேலை கொடுக்கிறவர் மனசில் ஓடுறது ரெண்டே பயம்: தினமும் லேட்டா வருவாரோ, ரெண்டு மாசத்தில் நின்னுடுவாரோ. அதுக்காக பொய்யா சென்னை முகவரி போடாதீங்க. ரெஸ்யூம் மேலேயே ஒரு வரி எழுதுங்க: "தற்போது திருத்தணியில் வசிக்கிறேன். வேலை உறுதியானதும் 15 நாளில் சேரவும், தேவைப்பட்டால் சென்னையில் தங்கவும் தயார்." அந்தப் பயத்துக்கு அதுதான் மருந்து. 15 நாள்னு எழுதும் முன் இப்போதைய வேலையில் நோட்டீஸ் எத்தனை நாள்னு பார்த்துக்குங்க.

நம்ம எல்லைப் பக்கத்துக்காரங்களுக்கு ஒரு தனி பலமும் இருக்கு. திருத்தணி 1960 ஏப்ரல் 1-ல்தான் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. இங்கே நிறைய பேருக்கு தெலுங்கு சாதாரணமா வரும். ஆனா ரெஸ்யூமில் எழுத மாட்டாங்க! கஸ்டமர் சப்போர்ட், விற்பனை, ஆந்திரா வாடிக்கையாளர் உள்ள கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் இதுக்கெல்லாம் அது தகுதி. எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீ சிட்டியில் இருக்கும் தொழிற்சாலைகளையும் பாருங்க. வேலைன்னா சென்னை மட்டும் இல்லை.

தனியார் தளங்களோடு, தமிழக அரசின் தனியார் துறை வேலை இணையதளத்திலும், மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்பு சேவை தளத்திலும் பதிவு பண்ணுங்க. ரெண்டும் இலவசம். மாவட்டத்தில் நடக்கும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களையும் விடாதீங்க. கம்பெனியே நம்ம பக்கம் வருது, ரயில் செலவு மிச்சம்.

ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டிரெயினிங் டெபாசிட், லேப்டாப் அட்வான்ஸ்னு யார் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திடுங்க. வேலை கொடுக்கிறவர் சம்பளம் தரணும், வாங்கக் கூடாது. ஏமாந்துட்டீங்கன்னா தாமதிக்காம 1930-க்கு போன் பண்ணுங்க.

6. கடைசிக் கணக்கு

சேர்ந்ததும் முதல் சம்பளம் மாசக் கடைசியில்தான் வரும். மூணு மாசம் ரயில்னு நினைச்சிருந்தாலும், ஷிஃப்ட் ஒத்து வரலைன்னா முதல் நாளே பி.ஜி.க்குப் போக வேண்டி வரலாம். அதுக்கு அட்வான்ஸ் 8,500, முதல் மாசச் செலவு 16,000, மொத்தம் 24,500 கையில் இருக்கணும்.

அவன் மாசம் 7,000 மிச்சம் பிடிக்கிறான். நாலு மாசத்தில் 28,000. மூணு இன்டர்வியூ பயணத்துக்கு 3,000 போனாலும் 25,000 இருக்கு. போதும். அடகு தேவையே இல்லை. நாலு மாசம் பொறுமை மட்டும்தான் தேவை. ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, அதைப் படிச்சுப் பார்த்த பிறகுதான் இங்கே ராஜினாமா.

இப்போ மூணு மாசம் முடிஞ்சிருக்கு. ரெண்டு இன்டர்வியூ போயிட்டு வந்தான். ஒண்ணில் எடுக்கல. இன்னொண்ணில் வேரியபிள் பே எவ்வளவுன்னு கேட்டு, பதில் திருப்தியா இல்லாததால் இவனே வேண்டாம்னு சொல்லிட்டான். வேலை இன்னும் கிடைக்கல. ஆனா பேங்கில் 19,000 இருக்கு, மாசச் சம்பளம் வந்துக்கிட்டு இருக்கு, செயின் அம்மா கழுத்தில்தான் இருக்கு.

உங்க கணக்கையும் இன்னைக்கே ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்க. சி.டி.சி. பிரிவில் எந்த வரி புரியலைன்னாலும் கேளுங்க, அடுத்த வீடியோவில் சேர்த்துடறேன். கம்பெனி பேரை மட்டும் மறைச்சுட்டு அனுப்புங்க.