உங்களுக்குத் தெரியுமா? ஆங்கில ஆய்வு நூல் சீனத்துக்குப் போகும் வழி

● ஷாங்காய் ஜியாங்நான் படைக்கலச் சாலையின் மொழிபெயர்ப்புப் பிரிவு 1868இல் தொடங்கியது. அங்கே ஆங்கிலேயரான ஜான் ஃப்ரையர் ஆங்கில நூலைப் பார்த்து வாய்மொழியாகச் சீனத்தில் சொல்வார். சீன அறிஞர் ஷூ ஷோ அதைச் செம்மையாக எழுதுவார். 1871இல் வந்த இவர்களது வேதியியல் நூல், தனிமங்களுக்குப் பெயரிட ஒரு வழியை நிலைநிறுத்தியது: எழுத்தின் ஒரு பாதி உலோகம் போன்ற வகையைக் குறிக்கும், மறு பாதி ஆங்கிலப் பெயரின் ஓர் அசையை ஒலிக்கும். இன்றும் லித்தியம் சீனத்தில் வெறும் 'லீ'தான். ஆனால் எழுத்தைப் பார்த்ததுமே அது உலோகம் என்று பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். 2017இல் நான்கு புதிய தனிமங்களுக்கும் இதே வழியில்தான் எழுத்துகளை உருவாக்கினார்கள். எவ்வளவு தொலைநோக்கு!

● ஆங்கில உயிரியலாளர் டி. எச். ஹக்ஸ்லியின் பரிணாம நூலைச் சீன மொழிபெயர்ப்பாளர் யான் ஃபூ சீனத்தில் தந்த ஆண்டு 1898. மூலத்துக்கு உண்மை, தெளிவு, நடையழகு: மொழிபெயர்ப்பில் கடினமானவை இந்த மூன்றும்தான் என்று அதன் முன்னுரையில் எழுதினார். மேலை முறையில் சீனர் ஒருவர் எழுதிய முதல் சீன இலக்கணம் வெளிவரத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

● பொருளியலுக்கும் சமூகவியலுக்கும் யான் ஃபூ ஆக்கிய சொற்கள் நிலைக்கவில்லை. ஜப்பானிலிருந்து வந்தவையே வென்றன.

● சொல்லைக்கூட ஆக்கிவிடலாம், பெரும்பாடு வாக்கியத்தில்தான். அறிவியல் ஆங்கிலம் வினைகளையெல்லாம் பெயர்ச்சொற்களாக்கி அடுக்கும் என்பதை விரிவாக ஆராய்ந்தவர் மொழியியலாளர் மைக்கேல் ஹாலிடே. அவர் மொழியியல் பயின்றது சீனாவில், லுவோ சாங்பெய், வாங் லீ ஆகியோரிடம்! 'வெப்பநிலையின் உயர்வு வேதிவினை வேகத்தின் அதிகரிப்புக்குக் காரணமாகிறது' என்பது ஆங்கில அச்சு. அதைப் பிரித்து, 'வெப்பநிலை உயரும், வேதிவினை விரைவாகும்' என்று இணைப்புச் சொல்லே இல்லாமல் வைத்தாலும் சீனத்தில் காரணகாரியம் விளங்கிவிடும். ஹாலிடேயின் கருத்துகளை அடித்தளமாகக் கொண்டே மொழியியலாளர் கேட்ஃபோர்ட் 1965இல் மொழிபெயர்ப்புக்கு ஒரு மொழியியல் கோட்பாடு வகுத்தார்.

● 'நேற்று வந்த மாணவன்' என்று தமிழில் அடையை முன்னால் வைக்கிறோமே, சீனமும் அப்படித்தான். ஆனால் சீனத்தில் வினை வாக்கியத்தின் நடுவில் வரும். வினை நடுவில் வரும் உலக மொழிகளில் ஏறக்குறைய எல்லாமே இத்தகைய அடையைப் பெயருக்குப் பின்னால்தான் வைக்கின்றன. சீனம் அரிய விதிவிலக்கு. அதனால் ஆங்கிலக் கட்டுரையில் பெயருக்குப் பின்னே நீளும் மூன்று வரி விளக்கத்தை அப்படியே மாற்றினால், அத்தனையும் பெயருக்கு முன்னே குவிந்து வாசகருக்கு மூச்சு முட்டும். தேர்ந்தவர்கள் அதை வெட்டித் தனித்தனி வாக்கியங்களாக்குவார்கள்.

● சீனத்தில் செயப்பாட்டுவினைக்குரிய 'பெய்' என்ற சொல் மரபாக அடிபட்டான், திருட்டுக்கொடுத்தான் போன்ற கெட்ட சேதிகளுக்கே பெரும்பாலும் உரியது. ஆங்கிலம் போன்ற மேலை மொழிகளின் தாக்கத்தால் அது மற்ற இடங்களுக்கும் பெரிதும் பரவியது. 'கண்டறியப்பட்டது', 'அளவிடப்பட்டது' என ஆங்கிலம் அடுக்கும் இடத்திலெல்லாம் 'பெய்' போட்டால் மொழிபெயர்ப்பு செயற்கையாகத் தோன்றும்.