சத்தம் பெருசா இருந்தா பாறை நல்லா உடையுமா? கல்குவாரி வெடியின் துளைக் கணக்கு!

கல்குவாரிக்குப் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு வெடிச் சத்தம் பழகிப்போன ஒன்று. சுவர் அதிர்ந்தால், "இன்னிக்கு மருந்து ஜாஸ்தி போல" என்பார்கள். ஆனால், தப்பு மருந்தில் மட்டும் இல்லை. துளை போட்ட இடத்திலும் இருக்கலாம்.

முதல் கணக்கு: தூரம்

பாறை அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் சீக்கிரம் விரிசல் விடும். வெடியின் அதிர்வலை பாறையின் திறந்த முகப்பில் மோதித் திரும்பும்போது இழுவிசையாக மாறி, விரிசலை உண்டாக்குகிறது. பின்னாலேயே வரும் வாயு அந்த விரிசலில் புகுந்து கல்லைத் தள்ளுகிறது.

அதனால் முகப்புக்கும் முதல் வரிசைத் துளைகளுக்கும் உள்ள தூரம் முக்கியம். இதற்கு 'பர்டன்' என்று பெயர். பொதுவாக, துளை விட்டத்தைப்போல 25 முதல் 35 மடங்கு. 100 மி.மீ துளை என்றால் சுமார் 3 மீட்டர். தூரம் கூடினால், கல்லைத் தள்ள முடியாத விசை நிலத்துக்குள் அதிர்வாக இறங்கும். குறைந்தால், கற்கள் பறக்கும்.

இரண்டாவது: கோலப் புள்ளி

துளைகளை நேர்ப்புள்ளிக் கோலம்போலவும் போடலாம். இடுக்குப்புள்ளிக் கோலம்போலவும் போடலாம். இரண்டாவது முறையில் விசை சீராகப் பரவும். பெரிய பாறாங்கற்கள் குறைவாகவே மிஞ்சும். அவற்றை மறுபடி பிரேக்கர் வைத்து உடைக்கும் டீசல் செலவும் மிச்சம்.

மூன்றாவது: நேரம்

எல்லாத் துளைகளும் ஒரே நொடியில் வெடிப்பதுபோலத்தான் காதுக்குக் கேட்கும். உண்மையில், 17, 25, 42 மில்லி செகண்ட் என இடைவெளி விட்டு வெடிக்க வைக்கிறார்கள். முன்வரிசை விலகினால்தான் பின்வரிசைக்குப் புது முகப்பு கிடைக்கும். நில அதிர்வைப் பெரிதும் முடிவுசெய்வதும், மொத்த மருந்து அல்ல. ஒரே நேரத்தில் வெடிக்கும் மருந்தின் அளவுதான்.

எவ்வளவு அதிர்வு வரலாம்?

மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-ல் இதற்கு வரம்பு சொல்லியிருக்கிறது. சுரங்க உரிமையாளருக்குச் சொந்தமில்லாத வீடுகள் அருகே, நிலம் அதிரும் வேகம் விநாடிக்கு 5 முதல் 15 மி.மீ-க்குள் இருக்க வேண்டும். அதிர்வெண் குறையக் குறைய, வரம்பும் குறையும்.

சுவரில் விரிசல் விழுந்தால், வெடி வைத்த தேதி, நேரம், விரிசலின் போட்டோ ஆகியவற்றைப் பதிவு செய்து வையுங்கள். கலெக்டர் அலுவலகத்திலோ கனிமவளத் துறையிலோ மனு கொடுக்கும்போது, கருவி வைத்து அதிர்வை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். 'சத்தம் அதிகம்' என்ற புகாரைவிட, கருவி காட்டும் எண்ணுக்குப் பலம் அதிகம்.