அம்பாசிடரின் கெட்டித் தகரமும் எஸ்யூவியின் கடைசி சீட்டும்

வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், குனியாமல் ஏறி இறங்க உயரமான வண்டி வேண்டும். எஸ்யூவி வாங்கப் போகிறவர்கள் முதலில் சொல்லும் காரணம் இதுதான். அந்த வசதி அம்பாசிடரிலேயே இருந்தது. அதன் உயரம் சுமார் 1.6 மீட்டர். பாட்டி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் உட்காருவது போல நேராக உட்கார்ந்துவிடுவார். இன்றைய செடான்களில் அப்படி முடியாது. பள்ளத்தில் இறங்குவது போலத்தான் இருக்கும்.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை வைத்து 1950களின் பிற்பகுதியில் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாராகத் தொடங்கிய அம்பாசிடர், 2014 வரை வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் 2021-ல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி700-ஐ நிறுத்துவோம். செங்கல்பட்டு அருகே உள்ள ஆராய்ச்சி மையத்தில் உருவான வண்டி, நீளம் 4.7 மீட்டர். அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்குச் சுமார் 50 குதிரைத்திறன். எக்ஸ்யூவி700-ன் பெட்ரோல் இன்ஜினுக்கு ஏறக்குறைய 200. மலைப்பாதையில் லாரியை முந்தும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

“அந்தக் காலத்துத் தகரம் கெட்டி, இடித்தாலும் ஒன்றும் ஆகாது” என்ற நம்பிக்கைதான் ஆபத்தானது. அம்பாசிடருக்கு லாரி போலத் தனிச் சேஸ் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கிடையாது. எக்ஸ்யூவி700 போலவே அதற்கும் பாடிதான் எலும்புக்கூடு. மோதலில் அந்த பாடி என்ன செய்கிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. புது வண்டியின் மூக்கு வேண்டுமென்றே நொறுங்கும். நொறுங்கி, மோதலின் வேகத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். ஆட்கள் இருக்கும் கூடு மட்டும் உறுதியாக நிற்கும். பானெட் அப்பளமாகிவிட்டதே என்று நாம் திட்டுகிறோம். அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

2009-ல் அமெரிக்காவில் 1959-ம் வருட செவ்ரோலே பெல் ஏர் காரையும் 2009-ம் வருட மாலிபு காரையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டுச் சோதித்தார்கள். கனத்த பழைய காரின் டேஷ்போர்டும் ஸ்டீயரிங்கும் உள்ளே புகுந்தன. ஓட்டுநர் பொம்மை உயிருள்ள ஆளாக இருந்திருந்தால் பிழைத்திருக்க முடியாது. மாலிபுவின் ஓட்டுநருக்குக் காலில் காயம்பட்டிருக்கும், அவ்வளவுதான். அம்பாசிடரும் அந்தப் பழைய காரின் தலைமுறைதான், ஏர்பேக்கும் இல்லை. எக்ஸ்யூவி700-க்கு குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம், குழந்தைகளுக்கு 4.

ரிப்பேர் விஷயத்தில் அம்பாசிடர் பக்கமே நிற்பேன். கார்புரேட்டரைச் சாலையோரத்திலேயே கழற்றித் துடைத்து மாட்டிவிடலாம். எக்ஸ்யூவியில் ஒரு சென்சார் கோளாறு என்றாலும் லேப்டாப்போடு ஆள் வர வேண்டும்.

எஸ்யூவியில் ஏழு பேர் போகலாம் என்ற கணக்கும் கொஞ்சம் ஏமாற்றுவதே. கடைசி வரிசையில் முழங்கால் நெஞ்சுக்கு வரும். அதை நிமிர்த்தினால் டிக்கியில் இரண்டு பைதான். அம்பாசிடரின் முன்பக்க பெஞ்ச் சீட்டில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்த காலத்தை நினைத்தால், வசதிக் குறைவு ஒன்றும் புதிதல்ல.

நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போக எஸ்யூவியையே எடுங்கள். ஆனால் பணம் கட்டும் முன், வீட்டிலேயே உயரமானவரை ஷோரூமுக்கு அழைத்துப்போய் கடைசி சீட்டில் பத்து நிமிடம் உட்கார வைத்துப் பாருங்கள்.