வியர்க்க வியர்க்க ஓர் ஆபரேஷன்

ஆபரேஷன் தியேட்டர் என்றாலே சில்லென்று இருக்கும். பெரியவர்களுக்கு அறுவை சிகிச்சை நடக்கும்போது அறை வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். மேசைக்கு வரப்போவது பிறந்து ஓரிரு நாளே ஆன சிசு என்றால், அது வருவதற்கு முன்பே அறையை 26 டிகிரிக்கோ அதற்கு மேலோ சூடாக்கிவிடுவார்கள். கவுனும் முகக்கவசமும் மாட்டிய டாக்டர்களுக்கு வியர்த்துக் கொட்டும்.

எடையோடு ஒப்பிட்டால் சிசுவின் தோல்பரப்பு பெரியவர்களுடையதைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு. தோலுக்கடியில் கொழுப்பும் சொற்பம். குளிரில் நாம் நடுங்கிச் சூடேற்றிக்கொள்வதுபோல அதற்கு முடியாது. கழுத்திலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகங்களையொட்டியும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தே வெப்பம் தேடிக்கொள்கிறது. மயக்க மருந்து இந்த அடுப்பையும் அணைத்துவிடும். கூடவே ரத்தநாளங்கள் விரிய, உள்ளே இருந்த சூடு தோலுக்கு வந்து வெளியேறும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் சிசுவுக்கு உகந்த வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி வரை; 32க்குக் கீழே போனால் கடும் ஆபத்து. உடல் குளிர்ந்தால் ஆக்சிஜன் தேவை கூடும், ரத்தச் சர்க்கரை இறங்கும், ரத்தம் உறையத் தாமதமாகும், மயக்கம் தெளியவும் நேரம் பிடிக்கும்.

1958இல் நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மேன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, இன்குபேட்டரைச் சில டிகிரி கூடுதல் வெப்பத்தில் வைத்தாலே குறைமாதக் குழந்தைகள் பிழைப்பது அதிகரிக்கிறது என்று காட்டியது.

வயிற்றுச் சுவரில் தொப்புளை ஒட்டிய துளை வழியே குடல் வெளியே வந்த நிலையில் சில குழந்தைகள் பிறக்கின்றன. ஈரமான குடலிலிருந்து நீர் ஆவியாக ஆவியாக உடல் மளமளவென்று குளிரும். அதனால் குடலோடு சேர்த்து உடலின் கீழ்ப்பாதியையே ஒளிபுகும் பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, தலைக்குத் தொப்பி போடுகிறார்கள். தோலைத் துடைக்கும் கிருமிநாசினியையும் வெதுவெதுப்பாக்கிக்கொள்வது வழக்கம். அது வழிந்து முதுகுக்கடியில் தேங்கினால் உடனே ஒற்றியெடுக்க வேண்டும். ஈர விரிப்பும் சூட்டை உறிஞ்சிவிடும்.

மேலிருந்து கதிர்வீசும் வார்மர், ஆயத்த வேலைகள் முடியும்வரைதான் முழுப் பயன் தரும். அறுவை மருத்துவர்கள் குனிந்ததும் அவர்கள் தலையே கதிர்களை மறித்துவிடும். பிறகு சூடான காற்று ஊதும் விரிப்பும், சூடேற்றி ஈரப்பதம் சேர்த்த மயக்க வாயுவும்தான் கைகொடுக்கின்றன. உணவுக்குழாயில் செருகிய மெல்லிய உணரி, வெப்பநிலையை விடாமல் காட்டிக்கொண்டிருக்கும். 37.5ஐத் தாண்டினாலும் ஆபத்து என்பதால் சூட்டைக் குறைக்கவும் ஒருவர் தயாராக இருக்க வேண்டும்.

இத்தனையும் செய்தாலும், வார்டிலிருந்து தியேட்டருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே குழந்தை குளிர்ந்துவிடக்கூடும். அதனால்தான் ஒரு கிலோவுக்கும் குறைந்த குறைமாதக் குழந்தைகளுக்கு, இதயத்தருகே மூடாமல் நிற்கும் ரத்தநாளத்தைக் கட்டும் அறுவையைப் பல மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே செய்கிறார்கள். குழந்தை அதே வார்மரில் கிடக்க, மருத்துவர்கள் கருவிகளோடு அங்கே வந்துவிடுகிறார்கள்.